கணுக்காலுக்குக் கீழே

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்கள் மீதும் சத்தியம் செய்து சொல்கிறேன். ஒரு கண்ணில் புரை விழுந்துவிட்டதால் மற்றதன்மீது இரண்டு தடவை செய்கிறேன். இனி நடுவில் புகுந்து யாரும் "அப்படியா?" என்று இழுக்கக் கூடாது.

அன்று காலை காவல்காரர் வழக்கம்போலக் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் வக்கீலம்மாவின் கார் குன்றடியில் வந்து நின்றது. அவர் கழுவிக்கொண்டிருந்தது தன் கால்களை அல்ல. குன்றின்மேல் கூரை இடிந்த பழைய கற்கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் ஒரு பீடம், பீடத்தின்மேல் கருங்கல்லில் இரண்டு பாதங்கள். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். வலது பாதம் அரை அடி எடுத்துவைக்கப் போகிற மாதிரி சற்று முன்னால் இருக்கும். கணுக்கால் வரை எல்லாம் சரி. அதற்குமேல் ஆகாயம்.

ஒரு காலத்தில் மேலேயும் ஆள் இருந்தாள். இடுப்புயரப் பெண் சிலை. யார் என்று யாருக்கும் தெரியாது. ராணி என்று ஒரு பேராசிரியர் எழுதினார். ஆடுகிறவள் என்று இன்னொருவர் எழுதினார். சிற்பியின் சொந்த மனைவி என்று மூன்றாவது ஆள் எழுதி, முதல் இருவரும் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஊரார் இந்தச் சண்டைக்குப் போகாமல் 'நிக்கிறவ' என்று கூப்பிட்டுவந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் யாரோ கடப்பாரையோடு வந்து, பீடத்திலிருந்து பெயர்க்கப் பார்த்து, பெயராமல் போகவே கணுக்காலோடு உடைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரார் அதற்குப் பிறகும் பெயரை மாற்றவில்லை. உடம்பு எங்கே போனால் என்ன, நிற்பது இங்கேதானே.

அரசாங்கம் உடனே விழித்துக்கொண்டது. சிலை இருந்த காலமெல்லாம் காவலுக்கு ஒரு ஆள் கிடையாது; சிலை போன பிறகு ஒரு ஆளைப் போட்டார்கள். காக்கிச் சட்டை, ஒரு விசில், ஒரு முக்காலி. இத்தனை வருஷத்தில் அந்த விசிலை அவர் ஊதியது ஒரே முறை. ஓர் ஆட்டை நோக்கி. ஆடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்ன வேலை செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முக்காலியில் உட்கார்ந்து பாதங்களைப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க அந்த உடைந்த இடம் அவருக்குச் சங்கடமாக இருந்தது. வெள்ளை வெளேரென்று, பொருக்குப் பொருக்காக, நறநறவென்று. அதில் தூசி படிந்தது, எறும்பு ஊர்ந்தது, மழை பெய்தால் பச்சையாகப் பாசி பிடித்தது. முதலில் துணியால் துடைத்தார். பிறகு தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு நார், பிறகு சோப்பு, பிடிவாதமான பாசிக்குக் கொஞ்சம் மணல். வேலைக்கு வந்ததும் முதல் காரியம் அதுதான். விடுமுறை நாளிலும் ஒரு நடை போய்க் கழுவிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

குன்றேறி வந்த வக்கீலம்மா அரசாங்கத்து வக்கீல். சின்ன வயசு; மூச்சு வாங்கியது. கண்ணாடியைக் கழற்றி அதன் காதுப்பக்கத்தைக் கடித்துக்கொண்டே பேசுகிற பழக்கம். நிக்கிறவள் அகப்பட்டுவிட்டாள் என்றார். வெளிநாட்டில் ஒரு பெரிய அருங்காட்சியகத்தில், தனிக் கூடத்தில், கணுக்காலுக்குக் கீழே இரும்புக் கம்பி செருகி நிறுத்தி, தலைக்கு மேல் விளக்கும் போட்டு வைத்திருக்கிறார்களாம்.

"எல்லா நாடும் கூடி ஒப்பந்தம் போட்டிருக்காங்க ஐயா. ஒருத்தர் பொருள் இன்னொருத்தர்கிட்ட இருந்தா திருப்பித் தரணும்னு."

"நல்லதாப் போச்சு. தரச் சொல்லுங்க."

"நாம கையெழுத்து போட்ட பிறகு திருட்டு போனதுக்குத்தான் அது செல்லும். இவ அதுக்கு முன்னாடியே போயிட்டா."

"கையெழுத்து லேட்டாயிட்டா திருட்டு திருட்டு இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆகாது. ஆனா அவங்க, நாங்க நல்ல எண்ணத்தோடதான் வாங்கினோம், இத்தனை வருஷமா எல்லார் கண்ணுலயும் படற மாதிரிதான் வச்சிருந்தோம், அப்பல்லாம் யாரும் கேக்கலையேங்கறாங்க. அதையாவது பேசிச் சமாளிக்கலாம். இப்ப புதுசா, இது உங்க ஊர்ச் சிலையே இல்லைங்கறாங்க. கால் மட்டும் பொருந்திட்டா போதும் ஐயா, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"பொருந்தாம எங்கம்மா போகும்? அவ கால்தானே."

வக்கீலம்மா குனிந்து கணுக்காலைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. "ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க ஐயா" என்றார். காவல்காரர் அந்தப் பாராட்டைச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

மனைவி தையல் மெஷினில் இருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பது அவள் தொழில். எந்தச் செய்தியானாலும் மெஷினை மிதித்தபடியேதான் கேட்பாள். பக்கத்து வீட்டில் ஆள் செத்துப்போனதைக்கூட ஒரு சட்டைக்கை முழுவதும் ஓட்டித் தைத்து முடித்துவிட்டுத்தான் "எப்ப?" என்று கேட்டவள். மெஷின் நின்றால் விஷயம் பெரியது என்று அர்த்தம். கால்களைப் பீடத்திலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்து வெளிநாட்டுக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள், திருட்டு போன நாளிலிருந்து பார்த்துக்கொண்ட ஆள் என்பதால் தானும் கூடப் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நாட்டின் பெயரைச் சொன்னார். நின்றது.

"வாலு இருக்கற ஊரா?"

"ம்."

வாலு அவர்களுடைய ஒரே மகள். பெயருக்கேற்ற பிள்ளை, நிக்கிறவள் பாதத்தின்மேல் தன் பாதத்தை வைத்து, நான்தான் சிலை, பேச மாட்டேன் என்று பள்ளிக்கூடம் போகாமல் நின்றவள். அந்த நாட்டில் வயசானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னான். அம்மாவிடம் கேட்காமல் எல்லா ஏற்பாட்டையும் முடித்துவிட்டுக் கடைசியில் வந்து சொன்னாள். அம்மா சொன்னாள்: "போறதுன்னா அப்படியே போயிடு. திரும்பி வந்து என் மூஞ்சில முழிக்காத." வாலு தன் வாழ்நாளில் அம்மா சொல்லைக் கேட்டு நடந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆரம்பத்தில் அப்பாவின் போனுக்குக் கூப்பிடுவாள். பக்கத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் அவளுக்கும் கேட்கும். வேலை பார்த்த வீட்டார் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு நாள் சொன்னாள். அங்கிருந்து வெளியே வந்துவிட்டேன், இப்போது கையில் ஒரு காகிதமும் இல்லை, ஆனால் பயப்படாதீர்கள் என்று இன்னொரு நாள் சொன்னாள். பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. புது எண் வரவில்லை. இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

"கையோட கூட்டிட்டு வாங்க" என்றாள் மனைவி.

"சிலையையா?"

"சிலையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? சட்டையா தச்சுப் போட?"

கிளம்புகிற நாளன்று, மகளுக்கு என்ன கொடுத்தனுப்புகிறாய் என்று கேட்டார். "ஒண்ணும் குடுக்க மாட்டேன். வேணும்னா வந்து வாங்கிக்கட்டும்" என்றாள். வாசல் வரை வந்தாள். அவர் செருப்பை மாட்டும்போது, "நான் சொன்னேன்னு..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன சொல்ல?"

"ஒண்ணுமில்ல. பார்த்துப் போங்க."

தலைநகரத்துக்குப் போகிற காரில் வக்கீலம்மாவும் அவரும். நடுவில் பெட்டி. மரப்பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் பாதங்கள், மூடியில் அரக்கு முத்திரை. கோர்ட்டில் ஒப்படைக்கிற வரைக்கும் அது அவர் பக்கத்தை விட்டு அகலக் கூடாது, தரையில் வைக்கக் கூடாது, வேறு ஆள் தூக்கக் கூடாது. சட்டம். காவல்காரர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, அந்த ஒப்பந்தத்துல பொண்ணுங்க வருவாங்களா?"

"எந்தப் பொண்ணுங்க ஐயா?"

"எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி அங்க மாட்டிக்கிட்டு இருக்கா. காகிதம் இல்லாமதான் இருக்கா, இவளை மாதிரியே. ஒரு கேஸ் போட்டா ரெண்டு பேரையும் சேர்த்துக் கேட்டுடலாமேன்னு."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார், கடிக்கவில்லை. "அது பண்பாட்டுச் சொத்துக்கு மட்டும்தான் ஐயா. மனுஷங்க யாரோட சொத்தும் இல்லையே."

"அதுவும் சரிதான்" என்றார் காவல்காரர். கொஞ்ச தூரம் போன பிறகு, "கல்லாப் பொறந்திருக்கலாம்" என்றார், ஜன்னலைப் பார்த்து.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விமானத்தில் பெட்டிக்குத் தனி இருக்கை. பணிப்பெண் வந்து பெட்டிக்கு பெல்ட் மாட்டினாள். சாப்பாடு கொண்டுவந்தபோது, ஒரு இருக்கைக்கு ஒரு தட்டு என்பது விதி, உள்ளே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். "காலுக்கு ஒண்ணும் வேணாம்மா, வயிறு உங்க ஊர்லதான் இருக்கு" என்றார். அவள் அதையும் குறித்துக்கொண்டு போனாள். மேகத்துக்கு மேலே போனதும் பெட்டி லேசாகச் சூடேறியது. பக்கத்தில் பூனை படுத்திருக்கிற மாதிரி இருந்தது என்பார். எஞ்சின் சூடு என்றார் வக்கீலம்மா. எஞ்சின் இருந்தது அந்தப் பக்கம்.

கோர்ட் கூடத்தில் தரை முழுக்கக் கம்பளம். நடந்தால் சத்தம் வரவில்லை. எல்லாரும் பூனை மாதிரி வந்தார்கள். நீதிபதிக்கு ஜலதோஷம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூக்கைத் துடைத்தார். தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். காவல்காரர் தன் பெயர், ஊர், குன்றின் ஏற்றம், ஆடு வந்த கதை எல்லாம் விரிவாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை ஒரே வார்த்தையில் முடித்தார்.

பிறகு கதவு திறந்து நிக்கிறவள் வந்தாள். கையுறை போட்டவர்கள் சக்கர மேடையில் வைத்து, பிரசவமான பெண்ணை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிற பதனத்தோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஊரில் இருந்தபோது அவளை அவர் சரியாகப் பார்த்ததில்லை. எப்போதும் அங்கேயே இருப்பதை யார் ஏறெடுத்துப் பார்ப்பார்கள்? இப்போது பார்த்தார். வாயின் ஒரு ஓரம் மட்டும் சற்று உயர்ந்திருந்தது, நறுக்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறேன், சொல்லவா வேண்டாமா என்று யோசிக்கிறவளைப் போல. இத்தனை வருஷம் யார் காலைக் கழுவினாரோ அவளை முகத்துக்கு நேராகப் பார்க்க அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தால் இரும்புக் கம்பி தெரிந்தது.

பொருத்திப் பார்ப்பது சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு என்று நீதிபதி தும்மிவிட்டுச் சொன்னார். வக்கீலம்மா பேப்பர் பார்க்க உட்கார்ந்துவிட்டார். கூடத்துக்குள் எதுவும் சாப்பிடக் கூடாது. காவல்காரர் பெட்டியோடு வெளியே வந்து, எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். குளிர் மூக்கு நுனியைப் பிடித்துத் திருகியது. பெட்டி மடியில்.

கொஞ்ச நேரத்தில், ஒரு இருக்கை விட்டு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். யாருடையதோ பெரிய கோட்டு. காதுவரை வெட்டிய முடி.

"திரும்பாதீங்கப்பா. பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரியே இருங்க."

அவர் திரும்பவில்லை. சாலையைப் பார்த்தார். சாலை கலங்கித் தெரிந்தது.

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

"டிவில காலைக் காட்டினாங்க. உங்களைக் காட்டல. காலு வருதுன்னா பின்னாடியே நீங்க தண்ணியும் நாருமா வருவீங்கன்னு தெரியாதா?"

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் சாலையைப் பார்த்தபடியே சிரித்தார்கள். எதிரே போன ஒருவர் அந்தச் சாலையில் அப்படி என்ன இருக்கிறது என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"உள்ள வா. வக்கீலம்மா இருக்காங்க. நல்லவங்க. ஏதாவது வழி சொல்லுவாங்க."

"வாசல்லயே அட்டை கேப்பாங்கப்பா. என்கிட்ட ஏது?"

"இவகிட்டயும் ஒண்ணும் இல்லையாம். எப்படி வந்தாங்கறதுக்கு ஒரு சீட்டு கிடையாது. காலையில இருந்து அதைத்தான் பேசிட்டிருக்காங்க. எத்தனை மரியாதையாப் பேசறாங்க தெரியுமா?"

"அவ கல்லுப்பா. நாள் ஆக ஆக அவளுக்கு மதிப்பு ஏறுது." கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து ஊதிக்கொண்டாள். விரல்களெல்லாம் வெடித்து, மூட்டுகளில் தோல் உரிந்திருந்தது. எப்போதும் ஈரத்திலேயே இருக்கிற கை.

"வேலை கஷ்டமா?"

"ஒரு கிழவரைக் குளிப்பாட்டிவிடறேன். நல்ல மனுஷன். என்னைத் தன் செத்துப்போன தங்கச்சின்னு நினைச்சுக்கிட்டு தினமும் திட்டுவார்." கையை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டாள். "அம்மா?"

"தைக்கிறா."

"இன்னும் கோவமா?"

"கிளம்பும்போது என்னமோ சொல்ல வந்தா. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னுட்டா."

"அவ ஒண்ணுமில்லன்னா நிறைய இருக்குப்பா" என்றாள் வாலு. கோட்டின் காலரைத் தூக்கி அதற்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் காவல்காரர் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அம்மா கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். மெஷின் நின்றது. உன் கட்டிலில் இப்போது தைத்த சட்டைகளை அடுக்கி வைக்கிறாள், ஆனால் தலையணையை மட்டும் எடுக்கவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, கடைசியில் வெளியே வந்தது, "வந்துடு வாலு" என்பதுதான்.

"வரேன்பா."

"எப்ப?"

பெட்டியைப் பார்த்தாள். "கை வலிக்கப்போகுது. கீழ வைங்க."

"வைக்கக் கூடாது. சட்டம்."

வாலு நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல்முறையாக அவர் தோளில் அவள் தோள் பட்டது. பெட்டிக்கு அடியில் தன் இரண்டு கைகளையும் கொடுத்து, அவர் மடியிலிருந்து பாரம் எழும்புகிற அளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வேறு ஆள் தூக்கக் கூடாது என்பது காவல்காரருக்கு ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை. பஸ் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பஸ் வந்தது. அவள் கையை எடுத்ததும் பாரம் மறுபடி மடியில் இறங்கியது. ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாதீங்க என்றுதானே அவளே சொல்லியிருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு முத்திரையை உடைத்தார்கள். நிபுணர் ஒருவர் கம்பிகளைக் கழற்றி, நிக்கிறவளை மெல்லத் தூக்கிப் பிடிக்க, கீழே பாதங்களை வைத்தார்கள். கூடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நீதிபதிகூடத் தும்மலைப் பாதியில் நிறுத்திவைத்தார். இறக்கினார்கள்.

மேலே உடைந்த விளிம்பு, உடைத்த அன்றைக்கு இருந்த மாதிரியே கற்கண்டைப் போலக் கூர்கூராக இருந்தது. அங்கே அதை யாரும் தொடவில்லை. கீழே கணுக்கால், குளியலறையில் கரைந்துகிடக்கிற சோப்புத் துண்டைப் போல மழமழவென்று உருண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டன, கவ்வவில்லை. சுற்றிலும் வெளிச்சம் தெரிந்தது. நிபுணர் கையைத் தளர்த்தியதும் நிக்கிறவள் ஆடினாள். பதறிப் பிடித்துக்கொண்டார்கள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கள் தங்கள் கணுக்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். இது சத்தியம்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். உயரமானவர், குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அவர் கேட்டதைச் செந்தமிழில் எடுத்துக் கொடுத்தார்.

"இக்கால்களைத் தாங்கள் தூய்மை செய்வதுண்டா?"

"தினமும் ஐயா."

"எவற்றைக் கொண்டு?"

"தண்ணி, நாரு, சோப்பு. பாசி போகலைன்னா கொஞ்சம் மணல்."

"உடைந்த பகுதியையுமா?"

"அதைத்தான் முக்கியமா."

"ஏன்?"

காவல்காரருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. இதைப் போய்க் கேட்பார்களா என்று வக்கீலம்மாவைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"காயம்னா கழுவணுமே ஐயா" என்றார்.

ஆட்டுக் கதையை ஒரே வார்த்தையில் முடித்த மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். சொல்லி, நிறுத்தி, வேறு மாதிரி சொல்லி, மறுபடி நிறுத்தினார். நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டார்; அது ஜலதோஷம்தான் என்று வைத்துக்கொள்வோம்.

சட்டம் சட்டம்தான். பொருந்தியதாக நிரூபணம் இல்லை, சிலை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார் நீதிபதி. அப்பீல் போகிறோம் என்றார் வக்கீலம்மா. அப்படியானால் பாதங்கள் வழக்குச் சான்று. அப்பீல் முடிகிறவரை இந்தக் கோர்ட்டின் பாதுகாப்பு அறையில் இருக்கும் என்று ஓர் உத்தரவு போட்டார். ஒருவர் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அப்பீல் எப்போது முடியும் என்று காவல்காரர் கேட்டார். வக்கீலம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நீங்க நல்லதுதான் பண்ணீங்க ஐயா" என்றார். அந்தப் பதிலிலிருந்து அவருக்குத் தெரிந்துபோயிற்று.

வெளியே வந்தபோது பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. மடியில் ஒன்றும் இல்லாத கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், பாக்கெட்டில் விட்டுப் பார்த்தார், பின்னால் கட்டிப் பார்த்தார், கடைசியில் தொங்கவிட்டார்.

ஊருக்கு வந்த பிறகு, பீடத்தில் ஒன்றும் இல்லையே, இனிமேல் எனக்கு வேலை உண்டா என்று மேலிடத்தில் கேட்டார். காவலர் பதவியை ரத்து செய்ய உத்தரவு எதுவும் வரவில்லை என்றார்கள். ஆகவே இப்போதும் காலையில் குன்றேறுகிறார். பாதங்கள் இருந்த குழியில் மழைத்தண்ணீர் தேங்குகிறது. குருவி வந்து குடிக்கிறது. அவர் அதை விரட்டுவதில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மெஷின் நின்றிருந்தது. மனைவி எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். வேறு யாரும் உள்ளே வரவில்லை என்று நிச்சயமான பிறகு, ஊசிக்கு அடியில் இருந்த துணியைச் சரிசெய்தாள்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எளைச்சுட்டாளா?"

"இல்ல. குளிர் ஊரு பாரு, கன்னமெல்லாம் செவந்து, நல்லாதான் இருக்கா."

"முடி?"

"காதுவரைக்கும் வெட்டியிருக்கா."

"வெட்டிட்டாளா! அத்தனை முடியை! கேக்க ஆள் இல்லைன்னா எதை வேணா பண்ணுவாளா?" அவள் இப்படிக் கோபப்பட்டுப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. முகமே மாறிவிட்டது. கொஞ்ச நேரம் முடியைப் பற்றியே திட்டினாள். பிறகு குரலை இறக்கி, துணியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "என்னைக் கேட்டாளா?"

"முதல்ல உன்னைத்தான் கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"அம்மா அப்பக் கோவத்துல ஏதோ சொல்லிட்டா, மனசுல ஒண்ணும் இல்லன்னேன்."

"நான் உங்ககிட்ட அப்படிச் சொல்லவே இல்லையே."

"சொல்லல."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"எனக்குத் தெரியும்பான்னா."

மனைவி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போன் பண்ணச் சொன்னீங்களா?"

"பண்ணுவா."

அவருடைய போனை வாங்கி மெஷின் பலகைமேல் தன் வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டாள். மிதிக்க ஆரம்பித்தாள். மெஷின் ஓடும்போது பலகை அதிர்ந்தது, போனும் அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் காலை எடுத்துவிட்டு, அடிக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் மறுபடி மிதித்தாள். ஒரு சின்னச் சட்டையின் தோள்பட்டையைத் தைத்து முடிக்க அன்று சாயங்காலம் வரை ஆயிற்று.

விமானத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை எல்லாம் அவர் வாயால் கேட்டதுதான்; சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்லியாக வேண்டும்: அந்த நாட்டுத் தூதரகம் காவல்காரருக்கு விசா கொடுக்கவில்லை. கால்களோடு வக்கீலம்மா மட்டும்தான் போனார், அவர் திரும்பி வருகிற வரைக்கும் காவல்காரர் தலைநகரத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார்.